எழுதுகோலுக்கு முன்னே விளையாட்டு

(நமது ஜமாஅத்தின் பெற்றோர் கூட்டத்தில், தொடக்கப் பள்ளியில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேச வேண்டும் என்று என்னை அழைத்தார்கள். மதிப்பெண்ணைப் பற்றியோ மேற்படிப்பைப் பற்றியோ நான் பேசப் போவதில்லை. அதைச் சொல்ல என்னைவிடத் தகுதியானவர்கள் இந்த அவையில் இருக்கிறார்கள். நான் 30 ஆண்டுகளுக்கு மேலாக முதல் வகுப்புப் பிள்ளைகளோடு இருந்தவள். ஆகவே, ஒரு பிள்ளை முதன்முதலாக எழுதுகோலைப் பிடிக்கும் அந்தக் கையைப் பற்றி மட்டும் பேச விரும்புகிறேன். அதற்கு முன், நான் செய்த ஒரு தவற்றை உங்கள் முன் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நான் பணியில் சேர்ந்த தொடக்க காலம். என் வகுப்பில் ஒரு சிறுவன் இருந்தான். கதை சொன்னால் கண் விரியக் கேட்பான். வாய்க்கணக்கில் அவனை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் எழுதச் சொன்னால் மட்டும் எழுத்துகள் கோட்டுக்கு மேலும் கீழும் சிதறிக் கிடக்கும். பென்சிலை முஷ்டியால் பிடித்து, தாள் கிழியும் அளவுக்கு அழுத்துவான். நான்கு எழுத்து எழுதுவதற்குள் கையை உதறுவான். அதைச் சோம்பல் என்று நினைத்தேன். ஒரு நாள் அளவுகோலால் அவன் விரல் முட்டியில் அடித்தேன். அந்தக் காலத்தில் அது பெரிய குற்றமாகக் கருதப்படவில்லை. அடுத்த வாரத்திலிருந்து திங்கட்கிழமைதோறும் அவனுக்கு வயிற்றுவலி வந்தது. மாலையில் ஓதப் போவதையும் நிறுத்திவிட்டான் என்று அவனுடைய உம்மா வந்து அழுதார்.

அதன் பிறகுதான் அவனைச் சற்று உற்றுக் கவனித்தேன். மதிய உணவு நேரத்தில் தன் டிபன் பாக்ஸின் மூடியை அவனால் திறக்க முடியவில்லை. பக்கத்தில் இருந்த பெண் பிள்ளை திறந்து கொடுத்தாள். சட்டைப் பொத்தான் கழன்றால் அப்படியே விட்டுவிடுவான். பல பிள்ளைகளுக்குப் பிறகு பிறந்த கடைக்குட்டி என்பதால், வீட்டில் அவனுக்கு ஊட்டுவதும் உடுத்துவதும் எல்லாமே மற்றவர்கள்தான் என்று தெரிந்தது. அவனுடைய அறிவில் எந்தக் குறையும் இல்லை. அவன் கைக்கு வேலை கிடைத்திருக்கவில்லை, அவ்வளவுதான். வேலை கொடுக்கப்படாத கையை நான் அடித்திருக்கிறேன்!

கைக்குள் என்ன நடக்கிறது?

ஓடுவது, குதிப்பது, ஏறுவது எல்லாம் பெருந்தசைகளின் வேலை. பொத்தான் போடுவது, நூல் கோப்பது, பக்கத்தைப் புரட்டுவது, எழுதுவது போன்றவை கை, விரல்களின் சிறு தசைகள் கண்ணோடு இணைந்து செய்யும் வேலை. இதனை நுண்தசை இயக்கத் திறன் என்பார்கள். எளிமையாகக் கைநுட்பம் என்று வைத்துக்கொள்வோம்.

நம் ஒரு கையில் 27 எலும்புகள் உள்ளன. அவற்றில் 8 மணிக்கட்டில் இருக்கும் சிறு எலும்புகள். பிறந்த குழந்தையின் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தால் பொதுவாக அந்த எட்டும் தெரிவதில்லை. அவை அப்போது குருத்தெலும்பாகவே இருக்கின்றன. ஒவ்வொன்றாக எலும்பாக இறுகி, கடைசி எலும்பு படத்தில் தெரியும்போது பிள்ளைக்கு ஏறத்தாழ 9 முதல் 12 வயது ஆகியிருக்கும். ஒருவரின் கையை எக்ஸ்ரே எடுத்து மருத்துவர்கள் வயதைக் கணிப்பது இதனால்தான். மூன்று வயதுப் பிள்ளையின் கை, பெரியவர் கையின் சிறிய வடிவம் அன்று. அது இன்னும் உருவாகிக் கொண்டிருக்கும் கை.

இன்னொன்றையும் நாம் அறிந்திருக்க வேண்டும். விரல்களை மடக்கி நீட்டும் பெரிய தசைகள் விரலுக்குள் இல்லை. அவை முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே இருந்து, நரம்பு போன்ற நாண்களால் விரல்களை இழுக்கின்றன. ஆகவே தோளும் முழங்கையும் உறுதிப்படாமல் விரல் மட்டும் தனியே உறுதிப்படாது. தவழ்வதும், மரக்கிளையில் தொங்குவதும், வாளியில் தண்ணீர் தூக்குவதும்கூட எழுத்துக்கான பயிற்சியே.

மூளையின் கதை இன்னும் வியப்பானது. கனடாவில் வில்டர் பென்ஃபீல்ட் என்ற மூளை அறுவை மருத்துவர், உடலின் எந்தப் பகுதியை மூளையின் எந்தப் பகுதி ஆள்கிறது என்று வரைபடம் இட்டு 1937இல் வெளியிட்டார். உடலில் எவ்வளவோ பெரிய முதுகுக்கு அதில் கிடைத்த இடம் சிறிது. கைக்கும் முகத்துக்கும் கிடைத்த இடமோ மிகப் பெரிது. கையை இயக்குவதற்கு மூளை இவ்வளவு பெரிய பரப்பை ஒதுக்கியிருக்கிறது என்றால், அதைப் பழக்குவதற்குக் காலமும் வேண்டும் அல்லவா?

படிகளைத் தாண்ட முடியாது

பிறந்த குழந்தையின் உள்ளங்கையில் நம் விரலை வைத்தால் இறுகப் பற்றிக்கொள்ளும். அது குழந்தை விரும்பிச் செய்வதன்று, இயல்பாய் நிகழ்வது. மூன்று நான்கு மாதங்களில் பொருளை நோக்கிக் கை நீள்கிறது. ஆறேழு மாதத்தில் ஒரு கையிலிருந்து மறு கைக்குப் பொருளை மாற்றுகிறது. ஒன்பது பத்து மாதத்தில் பெருவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்ந்து, தரையில் கிடக்கும் இட்லித் துணுக்கைக் கிள்ளி எடுக்கின்றன. பார்ப்பதற்குச் சிறிய செயல்தான். ஆனால் பிற்காலத்தில் எழுதுகோலைப் பிடிக்கப் போவதும் அதே இரண்டு விரல்கள்தான்.

இரண்டு வயதில் ஐந்தாறு கட்டைகளை அடுக்கும். பார்த்து வரையச் சொன்னால், பெரும்பாலான பிள்ளைகள் வட்டத்தை மூன்று வயதையொட்டியும், கூட்டல் குறியை நான்கு வயதையொட்டியும், முக்கோணத்தை ஐந்து வயதையொட்டியும் வரைகிறார்கள். சில பிள்ளைகள் சற்று முந்தலாம், சிலர் பிந்தலாம். நம் தமிழின் முதல் எழுத்தாகிய ‘அ’ ஒன்றிலேயே சுழியும் வளைவும் நேர்கோடும் இருக்கின்றன. முக்கோணம் வரைய இயலாத மூன்று வயதுக் கையிடம் பக்கம் பக்கமாக ‘அ’ எழுதிவரச் சொல்வது நியாயமா? எல்.கே.ஜி. வகுப்பில் எத்தனை நோட்டு நிறைந்தது என்று கேட்கும் பெற்றோர் ஒரு கணம் சிந்திக்க வேண்டும்.

இந்த உண்மையை நூறு ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்தவர் இத்தாலியப் பெண் மருத்துவர் மரியா மாண்டிசோரி. 1907இல் ரோம் நகரின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் அவர் தொடங்கிய பள்ளியில், பிள்ளைகள் பொத்தான் போட்டார்கள், முடிச்சுப் போட்டார்கள், தண்ணீர் ஊற்றினார்கள், மேசை துடைத்தார்கள். உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளை விரலால் தடவினார்கள். அதன் பிறகே எழுதினார்கள். அவர் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார் என்பது நம் மண்ணுக்கும் உள்ள தொடர்பு. நம் பழைய திண்ணைப் பள்ளிகளிலும் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதித்தானே தொடங்கினார்கள்!

வீடே விளையாட்டுக் கூடம்

இதற்கு விலை உயர்ந்த பொருள்கள் எவையும் தேவையில்லை. நம் சமையலறையும் முற்றமும் போதும். அன்றாடம் செய்யக் கூடியவற்றை வயது வாரியாகச் சொல்கிறேன்.

ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளையைக் குப்புறப் படுக்கவைத்து விளையாட விடுங்கள். தவழ இடம் கொடுங்கள். பிடிக்கக் கரண்டியும், கசக்கத் துணியும், தட்ட ஒரு தட்டும் இருந்தால் அதுவே கொண்டாட்டம்.

ஒன்று முதல் மூன்று வயது வரை: டம்ளரிலிருந்து டம்ளருக்குத் தண்ணீர் ஊற்றட்டும். சிந்தினால் துடைக்கத் துணியைக் கையில் கொடுங்கள். துடைத்த துணியைப் பிழிவதும் பயிற்சியே. பத்திரிக்கோ சப்பாத்திக்கோ மாவு பிசையும்போது ஓர் உருண்டையைக் கொடுங்கள். அது உருட்டும், தட்டும், கிள்ளும், பாம்பு செய்யும். பழைய செய்தித்தாளைக் கிழிக்கட்டும். பாத்திரங்களுக்கு உரிய மூடியைத் தேடி மூடட்டும். சோற்றைத் தன் கையால் அள்ளி உண்ணட்டும். பாதி கீழே விழும், விழட்டும். ஐந்து விரலையும் கூட்டி உண்ணும் நம் வழக்கம் போன்ற விரல் பயிற்சி எந்தக் கடையிலும் விற்பதில்லை. ஊட்டிவிட்டே வளர்க்கும் அன்பு, அந்தப் பயிற்சியைப் பிள்ளையிடமிருந்து பறித்துவிடுகிறது.

மூன்று முதல் ஐந்து வயது வரை: முருங்கைக் கீரையை உருவட்டும். மொச்சையையும் பட்டாணியையும் உரிக்கட்டும். நோன்புக் கஞ்சிக்குப் பூண்டு உரிக்கும் இடத்தில் பிள்ளைக்கும் நாலு பல் கொடுங்கள். துணி உலர்த்தும்போது கிளிப்பை அழுத்தி மாட்டச் சொல்லுங்கள். முறத்தில் பரப்பிய அரிசியில் விரலால் கோடும் வட்டமும் போடட்டும். காகிதத்தில் கப்பல் மடிக்கட்டும். முனை மழுங்கிய கத்தரிக்கோலால் வெட்டட்டும். வெளியே புறப்படும்போது பத்து நிமிடம் முன்னதாகவே தயாராகுங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் பொத்தானைத் தானே போட்டுக்கொள்ளும்.

ஐந்து வயதுக்கு மேல்: பூக் கட்டுவது, ஊசியில் நூல் கோத்துக் கழன்ற பொத்தானைத் தைப்பது, ஓலையில் காற்றாடியும் விசிறியும் செய்வது, பெருநாளுக்கு மருதாணி இடுவது எனப் பலவும் உண்டு. இவை பெண் பிள்ளைகளுக்கு மட்டும் என்று எண்ணாதீர்கள். என் அனுபவத்தில், கையெழுத்தில் தடுமாறியவர்களில் ஆண் பிள்ளைகளே மிகுதி. வீட்டு வேலையில் கை வைக்காமல் வளர்ந்ததும் அவர்களே.

நாம் மறந்த ஆட்டங்கள்

பல்லாங்குழியை எடுத்துக்கொள்வோம். இரண்டு வரிசையில் ஏழேழாக 14 குழிகள். குழிக்கு ஐந்து புளியங்கொட்டை என்றால் 70. ஒரு குழியில் உள்ளதை அப்படியே அள்ளி, உள்ளங்கையில் அடக்கி, ஒவ்வொன்றாக விரல் நுனிக்குக் கொண்டுவந்து அடுத்தடுத்த குழியில் இட வேண்டும். உள்ளங்கையிலிருந்து விரல் நுனிக்குப் பொருளை நகர்த்தும் இதே அசைவைத்தான் சிகிச்சை மையங்களில் பணம் வாங்கிக்கொண்டு பழக்குகிறார்கள். கூடவே எண்ணும் பயிற்சியும், தன் முறை வரும் வரை காத்திருக்கும் பொறுமையும் இலவசம்.

அஞ்சாங்கல்லில் ஒரு கல்லை மேலே எறிந்து, அது இறங்கும் முன் கீழே கிடப்பதை அள்ள வேண்டும். கண்ணும் கையும் ஒரே நொடியில் இணைகின்றன. கோலி ஆட்டம் ஒற்றை விரலின் விசையை அளந்து பயன்படுத்தக் கற்பிக்கிறது. பம்பரத்தில் கயிறு சுற்றும்போது ஒரு கை பிடிக்க, மறு கை சுற்றுகிறது. எழுதும்போதும் அப்படித்தானே? ஒரு கை தாளைப் பிடிக்க, மறு கை எழுதுகிறது. கீழடி அகழாய்வில் சுடுமண் ஆட்டக்காய்களும் பகடையும் கிடைத்ததாகத் தமிழ்நாடு தொல்லியல் துறையின் 2019ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. அத்தனை பழமையான செல்வத்தை நம் தலைமுறையிலேயே பரண்மேல் ஏற்றிவிட்டோம்.

நம் பத்தமடையை நினைத்துப் பாருங்கள். தாமிரபரணிக் கரையில் விளையும் கோரையை ஊறவைத்து, மயிரிழையாகக் கிழித்து, பட்டுப் போன்ற பாய் நெய்யும் குடும்பங்களில் பெரும்பாலோர் நம் சமுதாயத்தவர். அந்த விரல்களுக்கு எந்தப் பல்கலைக்கழகம் பட்டம் கொடுத்தது? பாட்டியின் அருகில் அமர்ந்து, கோரையைத் தொட்டு விளையாடிய பிள்ளையின் விரலில்தான் அந்தக் கலை இறங்கியது.

இன்று அந்த இடத்தில் கைப்பேசி வந்து அமர்ந்திருக்கிறது. பிள்ளை சோறு உண்ணவும், அழுகை நிற்கவும் அதைக் கொடுத்துவிடுகிறோம். கண்ணாடித் திரையில் விரல் வழுக்குகிறதே தவிர, எதையும் அழுத்துவதில்லை, திருகுவதில்லை, கனத்தை உணர்வதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஒரு வயதுக் குழந்தைக்குத் திரை பார்க்கும் நேரமே வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மிகக் கூடாது. அதற்கும் குறைந்தால் நல்லது. தாய்மாரை மட்டும் குறை சொல்ல நான் வரவில்லை. வெளிநாட்டில் இருக்கும் வாப்பாவின் முகத்தைப் பிள்ளை காண்பதே கைப்பேசியில்தான் என்பதையும் அறிவேன். பேசி முடித்ததும் அதை எடுத்து வைத்துவிடலாம் அல்லவா?

இடக்கைப் பிள்ளைகள்

பத்தில் ஒரு பிள்ளை இடக்கைப் பழக்கம் உடையதாகப் பிறக்கிறது. வலக்கையால் உண்பது நம் ஒழுக்கம். அதை அன்பாகப் பழக்கலாம், பிள்ளைகளும் பழகிக்கொள்கிறார்கள். ஆனால் எழுதும் கையை அடித்து மாற்றாதீர்கள். அந்தக் கையை மூளை தேர்ந்தெடுத்திருக்கிறது. உஸ்தாத்மார்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். தமிழை இடமிருந்து வலமாக எழுதும் இடக்கைப் பிள்ளையின் கை, எழுதிய மையின் மேலேயே நகர்ந்து அழித்துக்கொண்டு போகும். அரபியை வலமிருந்து இடமாக எழுதும்போது அந்தத் தொல்லை அவனுக்கு இல்லை. பள்ளிக்கூடத்தில் கூசி நிற்கும் ஒரு பிள்ளை, மதரஸாவின் சிலேட்டில் தலை நிமிர முடியும். அந்த வாய்ப்பைப் பிரம்பால் கெடுத்துவிடக் கூடாது.

சில எச்சரிக்கைகள்

மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் எதையும் வாயில் போடுவார்கள். புளியங்கொட்டை, சோழி, கோலி, மணி, நாணயம் ஆகியவற்றை அவர்களுக்கு எட்டாமல் வையுங்கள். பெரிய பிள்ளைகளும் பெரியவர் அருகில் இருக்கும்போதே இவற்றை வைத்து ஆடட்டும். பொம்மையிலும் ரிமோட்டிலும் உள்ள பொத்தான் வடிவ பேட்டரி மிக ஆபத்தானது. விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக் குழாயை அரித்துவிடக் கூடும். விழுங்கியதாக ஐயம் வந்தாலே மருத்துவமனைக்கு விரையுங்கள்.

சில அறிகுறிகளை விளையாட்டோடு மட்டும் விட்டுவிடக் கூடாது. ஒன்றரை வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்தி மறு கையை ஒதுக்கினாலும், முன்பு செய்ததை இப்போது செய்ய இயலாமல் போனாலும், ஐந்தாறு வயதிலும் பொத்தான் போடவோ உணவை எடுத்து உண்ணவோ மிகவும் திணறினாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ், வளர்ச்சியில் தாமதமுள்ள பிள்ளைகளைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து உதவும் மையங்கள் மாவட்ட அளவில் ஏற்படுத்தப்பட்டன. அரசு மருத்துவமனையில் விசாரித்தால் வழி சொல்வார்கள். ஊர் என்ன சொல்லுமோ என்று மறைத்து, காலத்தைக் கடத்திவிடாதீர்கள்.

ஜமாஅத்துக்கு என் வேண்டுகோள்

மூன்று கோரிக்கைகளை நிர்வாகத்தின் முன் வைக்கிறேன். முதலாவது, மதரஸாவில் புதிதாகச் சேரும் சிறு பிள்ளைகள் சில மாதங்கள் ஓதவும் கேட்கவும் செய்யட்டும். எழுதுவதை மணல் தட்டிலும் சிலேட்டிலும் விரலால் தொடங்கலாம். இரண்டாவது, இரண்டு பல்லாங்குழிப் பலகை, களிமண், கட்டைகள், நூலும் பெரிய மணிகளும் கொண்ட ஒரு பெட்டியை ஜமாஅத் மண்டபத்தில் வைக்கலாம். விடுமுறை நாளில் நம் வீட்டுப் பெரியவர்கள் வந்து ஆட்டங்களைச் சொல்லிக் கொடுக்கலாம். அவர்களுக்கும் அது மகிழ்ச்சி. மூன்றாவது, கையெழுத்துக்காக எந்தப் பிள்ளையும் அடிக்கப்படக் கூடாது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிகளில் உடல் தண்டனையைத் தடை செய்திருக்கிறது. நமக்கோ சட்டம் சொல்ல வேண்டியதில்லை. நம் மனமே சொல்ல வேண்டும்.

நான் தொடக்கத்தில் சொன்ன சிறுவனுக்கு வருகிறேன். அந்த ஆண்டு முழுவதும் அவனுக்கு எழுத்து வேலையைக் குறைத்து, வகுப்பின் சாக்பீஸ் பெட்டியையும் கரும்பலகைத் துணியையும் அவன் பொறுப்பில் விட்டேன். துணியை நனைத்துப் பிழிவதும் அவன்தான். களிமண்ணில் எழுத்துகளை உருட்டிச் செய்தான். வீட்டிலும் அவனே உண்ணவும் உடுத்தவும் விட்டார்கள். மூன்றாம் வகுப்புக்குப் போகும்போது எழுத்து அழகாக இல்லை, ஆனால் படிக்கும்படி இருந்தது. மறுபடியும் ஓதப் போனான்.

பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு நிக்காஹ் வீட்டில் அவனைச் சந்தித்தேன். உடன் நான்கு வயது மகள். அவளுடைய செருப்பின் வாரைப் பூட்ட நான் குனிந்தேன். அவன் மெல்லச் சொன்னான்: “அவளே போடட்டும் டீச்சர். நேரம் ஆகும், ஆனா போட்டுருவா.” நாங்கள் இருவரும் நின்று காத்திருந்தோம். அவள் இரண்டு முறை தவறவிட்டு, மூன்றாம் முறை பூட்டினாள். அன்று அடித்ததற்காக அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் சிரித்துக்கொண்டே, அந்தக் கரும்பலகைத் துணியைப் பற்றித்தான் பேசினான்.

அன்பிற்குரியவர்களே! நாளைக் காலை உங்கள் பிள்ளை பொத்தானோடு போராடும்போது, உங்கள் கை தானாக நீளும். அதை ஒரு நிமிடம் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள்.